திருட்டுச் சாவியை உணரும் தகடுகள்

திண்டுக்கல் பூட்டை விலை பேசும்போது விவரம் தெரிந்தவர் முதலில் கேட்பது, "எத்தனை லீவர்?" என்பதுதான். நான்கா, ஆறா, ஏழா என்பதை வைத்துத்தான் பேரமே தொடங்கும்.

லீவர் என்பது பூட்டுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும் மெல்லிய உலோகத் தகடு. ஒரு முனை ஆணியில் சுழலும்; சிறு ஸ்பிரிங் ஒன்று அதைக் கீழே அழுத்திப் பிடித்திருக்கும். சாவியின் ஒவ்வொரு பல்லும் தனக்குரிய தகட்டைத் தூக்குகிறது. எல்லாத் தகடுகளும் சரியான உயரத்துக்கு வந்தால் அவற்றின் வெட்டுகள் நேர்கோட்டில் அமைந்து தாழ்ப்பாளுக்கு வழி விடும். ஒரு தகடு மயிரிழை ஏறினாலும் இறங்கினாலும் பூட்டு அசையாது. இந்தத் தகடுகளை அரத்தால் ராவி, சாவியோடு பொருத்திப் பார்த்து, மீண்டும் ராவுவதுதான் திண்டுக்கல் பட்டறைகளின் உயிரான வேலை.

தகடு உயர்த்தித் திறக்கும் இம்முறையைச் செம்மைப்படுத்தி 1778-ல் காப்புரிமை பெற்றவர் இங்கிலாந்தின் ராபர்ட் பேரன். அடுத்த பாய்ச்சலுக்குக் காரணம் ஒரு திருட்டு. 1817-ல் போர்ட்ஸ்மத் கப்பல்தளத்தில் கள்ளச்சாவி போட்டுத் திருடிவிட்டார்கள். சாவியில்லாமல் திறக்க முடியாத பூட்டைச் செய்பவருக்கு அரசு பரிசு அறிவித்தது. மறு ஆண்டே ஜெரமையா சப் ஒரு பூட்டோடு வந்தார். யாராவது கம்பியை விட்டு நெம்பி ஒரு தகட்டை அளவுக்கு மேல் தூக்கினால், அது அப்படியே சிக்கிக்கொள்ளும். பிறகு சரியான சாவியும் திறக்காது. யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று உடையவருக்குத் தெரிந்துவிடும். மின்சாரமே வீட்டுக்கு வராத காலத்தில் இது ஓர் உணரி அல்லாமல் வேறென்ன? அந்தப் பூட்டையும் 1851 லண்டன் கண்காட்சியின்போது அமெரிக்கரான ஹாப்ஸ் சாவியின்றித் திறந்து காட்டினார் என்பது தனிக்கதை.

திண்டுக்கல்லில் இத்தொழிலைத் தொடங்கியவர்கள் சங்கரலிங்க ஆச்சாரி சகோதரர்கள் என்பார்கள். சுற்றுவட்டாரத்தில் மழை குறைவு. விவசாயத்தை மட்டும் நம்பியிருக்க முடியாத மண். நாகல் நகர், குடைப்பாறைப்பட்டி, யாகப்பன்பட்டி என்று சில கிலோமீட்டர் வட்டத்துக்குள் பட்டறைகள் பெருகின. மாங்காய்ப் பூட்டு, மணிப் பூட்டு, அலமாரிப் பூட்டு, ஷட்டர் பூட்டு என ஐம்பதுக்கும் மேற்பட்ட வகைகள். தந்திரப் பூட்டு என்றொரு வகை உண்டு: சாவி கையில் இருந்தாலும் திறக்கும் சூட்சுமம் தெரியாதவர் விழிக்க வேண்டியதுதான். கோயில்களும் சிறைகளும் கிடங்குகளும் இந்த ஊர்ப் பூட்டை விரும்பி வாங்கின.

பிறகு இயந்திரத்தில் அடித்த அலிகார் பூட்டு மலிவாக வந்தது. நாள் முழுக்க ராவிய கைக்கு அந்த விலையில் கூலி கட்டவில்லை.

இன்று மின்னணுப் பூட்டுகளிலும் செல்போன்களிலும் வேலை செய்வது சிலிக்கானில் செதுக்கிய நுண் உணரி. அதற்குள்ளும் ஸ்பிரிங் தாங்கிய ஒரு சிறு எடைதான். அசைந்தால், பக்கத்துத் தகட்டோடு உள்ள இடைவெளி மாறும். அந்த மாற்றத்தைச் சில்லு மின்குறியாக வாசிக்கும். 1990-களின் தொடக்கத்தில் காரின் காற்றுப்பைக்காகச் சந்தைக்கு வந்த இந்த உணரி, இப்போது கதவை யாராவது உலுக்கினால் அலறவும் செய்கிறது. ஆனால் பேட்டரி தீர்ந்தால் அது ஊமை. ஏழு லீவர் பூட்டுக்கு அந்தக் கவலை இல்லை.

2019 ஆகஸ்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே மாதம் இதே மாவட்டத்துப் பழனி பஞ்சாமிர்தத்துக்கும் கிடைத்தது. பஞ்சாமிர்தத்துக்கு வாங்குபவர்கள் தேடி வருகிறார்கள், பூட்டுக்குத்தான் ஆள் வேண்டும். குறியீடு போலிப் பெயரைத் தடுக்கும். அரம் பிடிக்கும் அடுத்த கையை அதனால் கொண்டுவர முடியாது. அந்தப் பக்கம் போகிறவர்கள் பட்டறையில் கேட்டே வாங்குங்கள். லீவர் எத்தனை என்று கேட்க மறக்காதீர்கள்.