அரசியல் மேடைப் பாட்டும் கலைஞரின் இசைவும் (கொச்சி)

கேரளத்தின் கொச்சியில், குறிப்பாக மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சிப் பகுதிகளில், பாட்டும் நாடகமும் கட்சி மேடைக்குப் போன விதம், படைத்தவர்கள் அதற்குத் தந்த இசைவு அல்லது மறுப்பு, அதையொட்டி வளர்ந்த சட்டம் ஆகியவற்றின் வரலாறு இது. கொச்சியில் நடந்ததன் பொருள் விளங்க, பிற ஊர்களின் வழக்குகளும் தேவையான இடங்களில் சேர்க்கப்பட்டுள்ளன.

துறைமுகத்தை ஒட்டிய மட்டாஞ்சேரியில் குஜராத்தி வணிகர்களும் கச்சி மேமன்களும் கொங்கணிகளும் தமிழரும் பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் வாழ்ந்தனர். இந்துஸ்தானி இசையும் மெஹ்ஃபில் (இசைக்கூடல்) மரபும் இங்கே வேரூன்றின. இம்மண்ணின் பாடகர் எச். மெஹபூப் (1926–1981), ‘நீலக்குயில்’ (1954) படத்தில் பாடிப் புகழ் பெற்றார். ஆனால் ஊரார் அவரைக் கேட்டதெல்லாம் கல்யாண வீடுகளில்தான். ஆர்மோனியமும் தபேலாவும் வர, விடியும்வரை பாடுவார். உரிமைத்தொகை என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. பாடியவரின் குரல் கேட்டவருக்கெல்லாம் சொந்தம்.

துறைமுகத் தொழிலாளருக்கு வேலை கிடைத்தது ‘சாப்பா’ முறையில். கங்காணி கூட்டத்துக்குள் உலோக வில்லைகளை வீசியெறிவார். முண்டியடித்து வில்லையைப் பிடித்தவனுக்கு அன்று கூலி உண்டு, பிடிக்காதவனுக்குப் பட்டினி. இதை எதிர்த்த போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. செய்து, செய்தலவி ஆகியோர் பலியாயினர். இதை நினைவூட்டும் முழக்கப் பாடல் இன்றும் தொழிற்சங்க ஊர்வலங்களில் ஒலிக்கிறது. கே.எம். சிதம்பரம் 1968இல் எழுதிய ‘துறமுகம்’ நாடகமும், அதிலிருந்து ராஜீவ் ரவி இயக்கி 2023இல் வெளியான படமும் இதே போராட்டத்தைப் பேசின.

கேரளத்தில் மேடைப் பாட்டு ஒரு பெரும் சக்தியானது கே.பி.ஏ.சி. நாடகக் குழுவால். தலைமறைவாக இருந்த தோப்பில் பாசி, ‘சோமன்’ என்ற புனைபெயரில் எழுதிய ‘நிங்ஙளென்னெ கம்யூனிஸ்டாக்கி’ (நீங்கள் என்னைக் கம்யூனிஸ்ட் ஆக்கினீர்கள்) நாடகம் 1952 டிசம்பரில் சவறையில் அரங்கேறியது. பாடல்கள் ஓ.என்.வி. குறுப்பு, இசை ஜி. தேவராஜன், குரல் கே.எஸ். ஜார்ஜும் சுலோசனாவும். அடுத்த ஆண்டே திருவிதாங்கூர்-கொச்சி அரசு நாடகத்துக்குத் தடை விதித்தது. தடை பாட்டைக் கட்டிப்போடவில்லை. பொன்னரிவாளைப் பிறைநிலாவில் கண்ட அந்நாடகப் பாடலை வயலிலும் படகிலும் பாடினார்கள். இது நாடகத்துக்காகவே எழுதப்பட்டதா, அதற்கு முன்பே கொல்லத்தில் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலனுக்கு அளித்த வரவேற்பில் பாடப்பட்டதா என்பதில் நினைவுக் குறிப்புகள் வேறுபடுகின்றன. பின்னதே பரவலாகச் சொல்லப்படுகிறது.

கவிஞர் வயலார் ராமவர்மாவும் தேவராஜனும் சேர்ந்து உருவாக்கிய ‘பலிகுடீரங்ஙளே’ பாடலின் கதை வேறு. 1857 எழுச்சியின் நூற்றாண்டையொட்டி, 1957இல் திருவனந்தபுரத்தில் தியாகிகள் நினைவுத் தூண் திறப்புக்காக அது எழுதப்பட்டது. பிறகு நாடக மேடைக்குப் போய், அங்கிருந்து கம்யூனிஸ்ட் நினைவஞ்சலிக் கூட்டங்களின் நிலையான பாடலானது. ஒரு தேசியச் சடங்குக்கான பாட்டு ஒரு கட்சியின் பாட்டாக மாறிய இந்தப் பயணத்தில் படைத்தவர்களுக்கு மனக்குறை இருந்ததாகத் தெரியவில்லை. அவர்களும் அந்த இயக்கத்தோடு நின்றவர்கள். இசைவு கேட்கப்படாவிட்டாலும் அது இருந்தது. பிற்கால வழக்குகளிலிருந்து அக்காலம் வேறுபடுவது இதில்தான்.

தேவராஜனின் இசைக்குழுவுக்குக் கொச்சியும் ஒருவரைத் தந்தது. ஃபோர்ட் கொச்சியில் பிறந்த எம்.கே. அர்ஜுனன் (1936–2020), வறுமையால் சிறுவயதில் பழனியிலுள்ள ஓர் ஆசிரமத்துக்கு அனுப்பப்பட்டு, அங்கேயே இசை கற்றுத் திரும்பியவர். அவருக்கு ஆர்மோனியம் வாசித்துப் பின் தாமே இசையமைப்பாளரானார்.

பாடுபவரின் உரிமையை நீதிமன்றத்தில் வலியுறுத்திப் பேசியவரும் கொச்சியோடு தொடர்புள்ளவரே. 1957இன் கேரள அமைச்சரவையில் சட்ட அமைச்சராக இருந்து, பின்னாளில் எர்ணாகுளத்தில் வாழ்ந்த வி.ஆர். கிருஷ்ணய்யர், 1977இல் உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்தார். இசைப் படைப்பாளருக்கான உரிமைத்தொகையை வசூலிக்கும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்புக்கும் கிழக்கிந்தியத் திரைப்படச் சங்கத்துக்கும் இடையிலான வழக்கில், படத்துக்கென அமர்த்தி வாங்கிய பாடலின் உரிமை தயாரிப்பாளருக்கே என்ற தீர்ப்பு வந்தது. கிருஷ்ணய்யர் அதற்குத் தனியாக ஒரு பின்னுரை எழுதினார். இசையமைப்பாளருக்கு இடம் தரும் சட்டம், பாட்டுக்கு உயிர் தரும் பாடகரை மறந்துவிட்டதே என்று அதில் வருந்தி, நாடாளுமன்றம் இதைக் கவனிக்க வேண்டும் என்றார். இத்துறையின் ஆவணங்களில் மிகவும் மனம் கனிந்த பக்கம் அதுவே. பாடகர் உள்ளிட்ட நிகழ்த்துக் கலைஞருக்கான உரிமை 1994 திருத்தத்தில் வந்தது. 2012 திருத்தம் அவர்களுக்குத் தார்மிக உரிமையையும், பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் விட்டுக்கொடுக்க முடியாத உரிமைத்தொகைப் பங்கையும் தந்தது.

கொச்சியில் தீர்ப்பான மறுப்புகளில் முக்கியமான ஒன்று நாடகத்தைச் சுற்றியது. பாசியின் நாடகத்துக்கு எதிர்நாடகமாக, ‘நிங்ஙள் ஆரெ கம்யூனிஸ்டாக்கி’ (நீங்கள் யாரைக் கம்யூனிஸ்ட் ஆக்கினீர்கள்) என்பதைச் சிவிக் சந்திரன் 1995இல் எழுதினார். இயக்கத்துக்காக உயிர் கொடுத்த ஒடுக்கப்பட்டோர் பலனில் விடுபட்டதே அதன் குற்றச்சாட்டு. மூல நாடகத்தின் பாத்திரங்களும் உரையாடல்களும் அதில் வந்ததால், 1992இல் மறைந்த பாசியின் குடும்பத்தினர் நீதிமன்றம் சென்றனர். கொச்சியிலுள்ள கேரள உயர் நீதிமன்றம் 1996இல் எதிர்நாடகத்தை அனுமதித்தது. எடுத்தாண்ட அளவும் மதிப்பும், எடுத்ததன் நோக்கம், மூலத்தோடு சந்தையில் போட்டியிடும் வாய்ப்பு ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும் என்றது. விமர்சனத்துக்காக எடுப்பதையும் சும்மா பயன்படுத்திக்கொள்வதையும் பிரித்துப் பார்க்க இந்த அளவுகோல் இன்றும் உதவுகிறது.

தேர்தல் பிரசாரத்திலும் பாட்டு எடுத்தாளப்பட்டது. கேசட் காலத்தில் சினிமா மெட்டில் வேட்பாளரின் பெயரைச் செருகிய பகடிப் பாடல்கள் தேர்தல் ஜீப்புகளில் ஒலித்தன.

பின்னர், 2009 மக்களவைத் தேர்தலுக்கு ஏ.ஆர். ரஹ்மானின் ‘ஜெய் ஹோ’ பாடல் உரிமையைக் காங்கிரஸ் டி-சீரிஸ் நிறுவனத்திடம் விலைக்கு வாங்கியது. எதிர்க்கட்சி அதே மெட்டில் பகடி செய்தது. 2021 தமிழகத் தேர்தலில் பா.ஜ.க.வின் பிரசாரக் காணொளியில் ‘செம்மொழி’ பாடலில் ஆடிய நடனக் கலைஞர் ஸ்ரீநிதி சிதம்பரத்தின் காட்சி இடம்பெற, அவரே எதிர்ப்புத் தெரிவித்தார், காணொளி நீக்கப்பட்டது. பாட்டு நிறுவனமோ வாரிசோ பேசாமல், நிகழ்த்திய கலைஞரே பேசிய அரிய நிகழ்வு இது.

காங்கிரஸின் பாரத் ஜோடோ யாத்திரை 2022 செப்டம்பரில் கொச்சியைக் கடந்தது. அதன் காணொளியில் ‘கே.ஜி.எஃப். 2’ பட இசை சேர்க்கப்பட்டதாக பெங்களூரின் எம்.ஆர்.டி. மியூசிக் நிறுவனம் புகார் செய்தது. நவம்பரில் காங்கிரஸின் ட்விட்டர் கணக்குகளை முடக்க வணிக நீதிமன்றம் ஆணையிட்டது. மறுநாளே கர்நாடக உயர் நீதிமன்றம், சர்ச்சைக்குரிய பதிவுகளை நீக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு அதை விலக்கியது. ஆனால் குற்ற வழக்கை ரத்து செய்ய 2023 ஜூனில் மறுத்தது.

பதிப்புரிமைச் சட்டம் உண்மையான மதச் சடங்குகளுக்கும் அரசு விழாக்களுக்கும் விலக்கு அளிக்கிறது. அந்தப் பட்டியலில் கட்சிக் கூட்டம் இல்லை. பாட்டைச் சிதைக்காமல் அப்படியே ஒலிபரப்பினாலும் படைத்தவரின் மதிப்புக்கு ஊறு என்று தார்மிக உரிமை பற்றிய 57ஆம் பிரிவின் கீழ் வாதிட முடியுமா என்பது விவாதத்துக்குரியது. இந்தியாவுக்கு வெளியே, நியூசிலாந்தில் தேர்தல் விளம்பரத்தில் ராப் பாடகர் எமினெமின் பாடலை ஒத்த இசையைப் பயன்படுத்திய நேஷனல் கட்சி, 2017இல் வழக்கில் தோற்று இழப்பீடு கட்டியது.

2025 டிசம்பரில் கேரள உள்ளாட்சித் தேர்தலின்போது, பக்திப் பாடகர் கே. வீரமணி பாடிப் புகழ்பெற்ற சபரிமலைப் பாடலின் மெட்டில், சபரிமலைக் கோயிலின் தங்கம் திருடப்பட்டதாக எழுந்த விவகாரம் பற்றிய பகடிப் பாடல் பரவி, வழக்கும் பதிவானது. பக்தி உணர்வு புண்பட்டதாகவே புகார். மெட்டின் உரிமை பற்றியதல்ல.