நூற்று இருபது நாள்களும் கருவின் கண்ணியமும்

காவிரி வடிநிலத்தில் இரு மத்ஹபுகள் அண்டை வீட்டாராய் வாழ்கின்றன. நாகூர், அதிராம்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ வழக்கும், வயல் சூழ்ந்த இராவுத்தர் ஊர்களில் ஹனஃபீ வழக்கும் நெடுங்காலமாக நிலைபெற்றுள்ளன. கருக்கலைப்புப் பற்றி வினவினால், "ஹனஃபீயில் 120 நாள் வரை கூடும், ஷாஃபிஈயில் கூடாது" என ஒரே வரியில் விடை கூறிவிடுவோர் உண்டு. சட்ட வரலாறு அவ்வளவு எளிதானதன்று.

120 நாள் கணக்கின் மூலம், இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிக்கும் ஹதீஸாகும். புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் பதிவான அது, மூன்று நாற்பதுகள் கடந்தபின் ரூஹ் ஊதப்படுவதாக விளங்கப்பட்டது. முஸ்லிமில் உள்ள ஹுதைஃபா பின் அஸீத் (ரலி) அறிவிப்போ, 42 இரவுகள் கடந்ததும் வானவர் வந்து கருவுக்கு உருவமளிப்பதைக் கூறுகிறது. கருத்து வேற்றுமைக்கு இதுவும் ஒரு வேர்.

ஷாஃபிஈ இமாம்களுள் கஸ்ஸாலீ (ரஹ், மறைவு ஹிஜ்ரி 505/1111), கரு தரித்தது முதலே அதனைச் சிதைப்பது குற்றம் என்றும், கரு வளர வளரக் குற்றமும் பெருகும் என்றும் 'இஹ்யா'வில் எழுதினார். இப்னு ஹஜர் ஹைதமீ (ரஹ்) தடையின் பக்கம் சாய்ந்தார். ரம்லீ (ரஹ்) அவர்களோ, ரூஹ் ஊதப்படுமுன் கூடும் என்பதையே வலுவானதாகக் கண்டார்.

ஹனஃபீ மத்ஹபிலும் அனுமதி கட்டற்றதன்று. இஹ்ராமில் இருப்பவர் பறவையின் முட்டையை உடைத்தால், அது பறவையின் மூலம் என்பதால் ஈடு செலுத்த வேண்டும். அவ்வாறிருக்கக் காரணமின்றிக் கருவைக் கலைப்பவர் எங்ஙனம் பாவத்திலிருந்து நீங்குவார் என்பது காளீகான் (ரஹ்) அவர்களின் வாதம். நாற்றங்கால் பயிரைக் கதிர் என்று நம் உழவர் எவரும் கூறார். ஆயினும் அதனை மிதிப்பவரை அவர்கள் பொறுப்பதில்லை. காளீகானின் வாதத்தை எடுத்துரைக்கும் இப்னு ஆபிதீன் (ரஹ், மறைவு 1836), தக்க காரணத்திற்கு ஒரு சான்றும் தருகிறார்: கருவுற்ற தாய்க்குப் பால் வற்றி, கையிலுள்ள குழந்தைக்குச் செவிலித்தாயை அமர்த்தத் தந்தைக்கு வசதியில்லாத நிலை.

1855இல் தஞ்சை அரசு ஆங்கிலேயர் வசமாயிற்று. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், தாயின் உயிர் காக்கவன்றிக் கருக்கலைப்பைக் குற்றமாக்கியது. கருவின் அசைவு உணரப்பட்ட பின் தண்டனையைக் கூட்டியது. 1971ஆம் ஆண்டுச் சட்டம் நிபந்தனைகளுடன் 20 வாரம் வரை இசைந்தது. 2021ஆம் ஆண்டுத் திருத்தம் குறிப்பிட்ட சில பெண்களுக்கு அதனை 24 வாரமாக நீட்டியது. மருத்துவர் கடைசி மாதவிடாயிலிருந்து எண்ணுவர். கரு தரிப்பதோ ஏறத்தாழ இரண்டு வாரங்கள் பின்னர். ஆகவே ஃபிக்ஹின் 120 நாள், மருத்துவர் கணக்கில் ஏறத்தாழ 19 வாரமாகும். அரசு அனுமதித்த காலமும் ஷரீஅத் பேசும் காலமும் ஒன்றல்ல.

1990இல் மக்காவில் கூடிய ராபித்தாவின் ஃபிக்ஹு மன்றம், 120 நாளுக்கு முன், குணப்படுத்தவியலாக் கடுங்குறையை மருத்துவர் குழு உறுதிசெய்து பெற்றோரும் வேண்டினால் கலைக்கலாம் என்றது. அதன் பின் தாயின் உயிருக்கு உறுதியான ஆபத்து இருந்தாலன்றிக் கூடாது என்றது.

ஆகவே, ஃபத்வா வழங்குவோர் நாளை மட்டும் எண்ணுதல் போதாது; காரணத்தையும் கேட்டறிதல் வேண்டும். அக்காரணம் வறுமையாயின், வினா அப்பெண்ணை மட்டும் சார்ந்ததன்று. இப்னு ஆபிதீன் குறிப்பிட்ட அந்தத் தந்தையைப் போன்றவர் நம் மஹல்லாவில் இருப்பின், அவர் குழந்தையின் பாலுக்கு வழிசெய்வது ஜமாஅத்தின் கடமை என்றே நாம் கருதுகிறோம்.