டிஸ்லெக்சியாவும் சொல்தேடல் இடர்ப்பாடும்

தமக்கு நன்கு தெரிந்த சொல்லைப் பேச வேண்டிய நேரத்தில் நினைவிலிருந்து எடுக்க முடியாமல் ஒருவர் திணறும் நிலை சொல்தேடல் இடர்ப்பாடு எனப்படும். பொருள் தெரியும், பிறர் சொன்னால் அந்தச் சொல்தான் என்று உடனே தெரிந்துவிடும், ஆனால் வாய் வரை வந்தது வெளியே வராது. அந்த இடைவெளியை ‘அது வந்து’, ‘அந்த இது’ போன்ற நிரப்பிகளோ, ஒலியால் நெருங்கிய வேறொரு சொல்லோ, மௌனமோ பிடித்துக்கொள்ளும். டிஸ்லெக்சியா உள்ள எல்லாருக்கும் இது இருப்பதில்லை, பலருக்கு இருக்கிறது. டிஸ்லெக்சியா என்றால் வாசிப்பும் எழுத்தும் மட்டுமே என்ற எண்ணம் பரவியிருப்பதால், பேச்சில் நேரும் இந்தத் திணறல் அறியாமையாகவோ அக்கறையின்மையாகவோ கருதப்படுகிறது. எழுத்துத் தேர்வில் கூடுதல் நேரம் தருவதற்கு என்ன நியாயம் உண்டோ, அதே நியாயம் பேச்சுக்கும் உண்டு என்பதே கிடைத்துள்ள சான்றுகள் உணர்த்தும் முடிவு.

வரலாறு

டிஸ்லெக்சியா என்ற பெயரை 1887இல் வழங்கியவர் ஜெர்மானியக் கண் மருத்துவர் ருடால்ஃப் பெர்லின். 1896இல் ஆங்கிலேய மருத்துவர் பிரிங்கிள் மார்கன், வாசிக்க இயலாத பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். பாடம் முழுவதும் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே அவன்தான் கெட்டிக்காரனாக இருப்பான் என்பது அவனுடைய ஆசிரியரின் கருத்து. பேச்சில் குறையில்லாத, எழுத்தில் மட்டும் தடுமாறும் குழந்தை என்ற இந்தத் தொடக்ககாலச் சித்திரம் நீண்ட காலம் நிலைத்தது. அதை அசைத்தது 1976இல் வெளியான மார்த்தா டென்க்லா, ரீட்டா ரூடல் ஆகியோரின் ஆய்வு. நிறங்கள், பொருள்கள், எண்கள், எழுத்துகள் எனத் தனித்தனி அட்டைகளில் ஐம்பது உருப்படிகளை வரிசையாக வைத்து, அவற்றின் பெயர்களை எவ்வளவு விரைவாகச் சொல்கிறார்கள் என்று அவர்கள் அளந்தனர். டிஸ்லெக்சியா உள்ள குழந்தைகள் மற்றவர்களைவிட மெதுவாகச் சொன்னார்கள். நிறத்தின் பெயரைச் சொல்வதற்கு வாசிப்பு தேவையில்லை. ஆகவே தடை எழுத்தோடு நின்றுவிடவில்லை என்பது தெளிவானது. ஒலிகளைப் பகுத்தறிவதில் உள்ள குறையும் பெயரை விரைந்து எடுப்பதில் உள்ள குறையும் தனித்தனியாகவோ சேர்ந்தோ இருக்கலாம் என்ற ‘இரட்டைக் குறை’ கருதுகோளை மேரியன் வுல்ஃப், பாட்ரிசியா பவர்ஸ் இருவரும் 1999இல் முன்வைத்தனர்.

இயங்கும் விதம்

சொல் யாருக்குத்தான் மறப்பதில்லை, இதற்கு ஒரு பெயர் வேண்டுமா என்று கேட்கலாம். எல்லாருக்கும் மறப்பது உண்மை. ஆனால் இங்கே வேறுபடுவது அது நேரும் அளவும் அதன் காரணமும். ஸ்வான், உஷா கோஸ்வாமி ஆகியோர் 1997இல் வெளியிட்ட ஆய்வு குழந்தைகளிடம் படங்களைக் காட்டிப் பெயர் கேட்டது. பொதுவாகவே வாசிப்பில் பின்தங்கிய குழந்தைகள் சொல்லத் தவறிய பெயர்கள் பெரும்பாலும் அவர்களுக்குத் தெரியாத சொற்கள். டிஸ்லெக்சியா உள்ளவர்களோ, கேட்டால் சரியாக அடையாளம் காணும் சொற்களையே சொல்ல முடியாமல் தடுமாறினார்கள்; நீளமான சொற்களிலும் அரிதாகப் புழங்கும் சொற்களிலும் இது மிகுந்தது. சொல் மனத்தில் இருக்கிறது. அதன் ஒலி வடிவத்தை எட்டும் வழிதான் தடைபடுகிறது. அறிவைக் குறைத்து மதிப்பிட இங்கே இடமே இல்லை.

பன்மொழிச் சூழல்: கொச்சி

பேச்சுத் திணறலைக் கண்டதும் பல மொழிகள் கலந்துவிட்ட குழப்பம் இது, வீட்டு மொழியை நிறுத்துங்கள் என்று அறிவுரை சொல்வது வழக்கம். இந்த அறிவுரையை உரசிப் பார்க்கக் கொச்சியைவிடப் பொருத்தமான ஊர் அரிது. மட்டாஞ்சேரியில் மலையாளத்தோடு கொங்கணி, குஜராத்தி, உருது, தமிழ் எல்லாம் வீட்டு மொழிகள். பக்கத்துக் கோட்டைக் கொச்சியின் தோபிகானாவில் தமிழ்ச் சலவைத் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. வீட்டில் ஒரு மொழி, தெருவில் மலையாளம், பள்ளியில் ஆங்கிலம் என்பது இங்கே இயல்பு. பன்மொழியே காரணமென்றால், ஒரே மொழி பேசும் ஆங்கிலேயக் குழந்தைகளிடம் இந்த இடர்ப்பாடு தோன்றியிருக்கக் கூடாது. இருமொழியாளர்களுக்கு நுனிநாக்கில் நிற்கும் சொற்கள் சற்று அதிகம் என்பது உண்மைதான். ஆனால் தாமர் கோலன், லோரி அசெனாஸ் 2004இல் வெளியிட்ட ஆய்வில், இரு மொழிகளிலும் ஒத்த வடிவமுள்ள சொற்களில் அந்த மிகுதி காணப்படவில்லை. தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவான சொற்கள் ஏராளம். எனவே ஒரு மொழி மற்றொன்றுக்குத் துணையாகவும் நிற்கக்கூடும். வீட்டு மொழியை நிறுத்தினால் குழந்தை இழப்பது பாட்டியோடும் தாயோடும் பேசும் பேச்சை. குறை அப்படியே இருக்கும். சோதனையைக் குழந்தை புழங்கும் எல்லா மொழிகளிலும் நடத்துவதே சரி. ஒரு மொழியில் மட்டும் திணறினால் பழக்கக் குறைவு என்று கொள்ளலாம். எல்லா மொழிகளிலும் திணறினால் ஆராய வேண்டும்.

சமாளிக்கும் முறைகள்

பேச்சு சிகிச்சையாளர்கள் இரு வகைக் குறிப்புகளைப் பழக்குகிறார்கள். முதலெழுத்தையோ அசையையோ பிடித்துச் சொல்லை வரவழைப்பது ஒலிக்குறிப்பு. எதற்குப் பயன்படும், எங்கே இருக்கும், எந்த இனம் என்று சுற்றி வருவது பொருள்குறிப்பு. பயிற்சி பெற்ற சொற்களில் முன்னேற்றம் தெரிகிறது. மற்ற சொற்களுக்கு அது பரவுவது குறைவு. ஆகவே பாடத்திலும் தொழிலிலும் அடிக்கடி தேவைப்படும் சொற்களையே முதலில் எடுத்துக்கொள்வது பயன் தரும். பெரியவர்களுக்கு நடைமுறை உத்திகள் உண்டு: சொல் வராவிட்டால் விளக்கிச் சொல்லிவிட்டு மேலே போவது, கூட்டத்துக்கு முன் பெயர்களைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்வது, ‘ஒரு நிமிடம் கொடுங்கள்’ என்று தயங்காமல் கேட்பது. கேட்பவருக்கும் பங்கு உண்டு. காத்திருக்க வேண்டும், முந்திக்கொண்டு வாக்கியத்தை முடிக்கக் கூடாது, தேவைப்பட்டால் இரண்டு சொற்களைச் சொல்லித் தேர்ந்தெடுக்க விடலாம்.

சட்டமும் தேர்வும்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, ஏழாக இருந்த வகைகளை இருபத்தொன்றாக்கி, குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும் சேர்த்தது. பேச்சு மொழியையோ எழுத்து மொழியையோ கையாள்வதில் உள்ள குறை என்றே அதன் அட்டவணை வரையறுக்கிறது. வாசிப்பு, எழுத்து ஆகியவற்றோடு பேசுவதில் உள்ள சிரமத்தையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆனால் சலுகைகளைப் பேசும் 17ஆம் பிரிவு எடுத்துக்காட்டுவன கூடுதல் தேர்வு நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாட விலக்கு ஆகியவை. மூன்றுமே எழுத்துத் தேர்வை மனத்தில் கொண்டவை. உச்ச நீதிமன்றத்தில் 2021இல் தீர்ப்பான விகாஷ் குமார், அவ்னி பிரகாஷ் வழக்குகளும் எழுதுவதில் உள்ள இடர் பற்றியவையே. வரையறையில் பேச்சு இருக்கிறது, நடைமுறையில் இல்லை.

வாய்மொழித் தேர்விலும் நேர்முகத் தேர்விலும் சோதிக்கப்படுவதே பேச்சுத்தான், அங்கே நேரம் கொடுத்தால் தேர்வின் பொருளே கெடும் என்பது வலுவான மறுப்பு. விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு போன்ற, உடனடிச் சொல்லே பாதுகாப்பாக இருக்கும் பணிகளில் அதை ஏற்கத்தான் வேண்டும். ஆனால் வேதியியல் செய்முறைத் தேர்வில் ஆசிரியர் அறிய விரும்புவது மாணவருக்கு வேதியியல் தெரியுமா என்பதை. குடுவையின் பெயர் எத்தனை நொடியில் வருகிறது என்பதை அன்று. எதை அளக்க வேண்டுமோ அதை அளக்க உதவும் சலுகை தேர்வைக் கெடுப்பதில்லை, சீராக்குகிறது. சட்டப் பிரிவின் பட்டியல் எடுத்துக்காட்டாகத் தரப்பட்டதே தவிர முடிந்த பட்டியல் அன்று. சட்டம் கூறும் ‘நியாயமான இணக்க ஏற்பாடு’ என்ற கோட்பாடும் இதற்கு இடம் தருகிறது. கேள்விகளை எழுதிக் கொடுப்பது, விடை சொல்லக் கூடுதல் நிமிடங்கள் அளிப்பது, சொல்லுக்குப் பதில் விளக்கத்தையோ வரைபடத்தையோ ஏற்பது ஆகிய மூன்றுக்கும் புதிய சட்டம் தேவையில்லை. பள்ளிக் கல்வித் துறைகள் ஒரு சுற்றறிக்கையில் இவற்றைச் செய்துவிடலாம்.