புழுவுக்குள் பிறந்த பொடி

1916 கோடை. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், ரிவர்டன் ஊருக்குப் பக்கத்து நர்சரி ஒன்றைச் சோதிக்கப் போன ஆய்வாளர்களின் கண்ணில் சில வண்டுகள் பட்டன. பச்சைத் தலை, செம்பு நிற முதுகு. மொத்தமே ஒரு டஜன்தான் இருக்கும். நகைபோல மின்னிய அந்த வண்டை அமெரிக்க மண்ணில் அதற்குமுன் யாரும் பார்த்ததில்லை.

அது ஜப்பானிய வண்டு. ஐரிஸ் கிழங்கில் ஒட்டிய மண்ணோடு, புழுவாகக் கப்பலேறி வந்திருக்கும் என்று ஊகித்தார்கள். செடி இறக்குமதிக்கு 1912இல் சட்டம் கடிவாளம் போட்டது; வண்டு அதற்கு முன்பே கரையேறிவிட்டது. ஜப்பானில் அதை இயற்கை எதிரிகள் அடக்கி வைத்திருந்தன. நியூ ஜெர்சியிலோ எதிரி இல்லை. விருந்து மட்டும் வீட்டுக்கு வீடு பச்சைப்பசேலென விரிந்து கிடந்தது.

கோடையில் வண்டு புல்தரையில் முட்டையிட்டது. பொரித்த வெள்ளைப் புழுக்கள் மண்ணுக்குள்ளேயே புல்லின் வேரைத் தின்றன. கோடை முடிவதற்குள் புல்தரை திட்டுத் திட்டாகப் பழுத்தது; பிடித்து இழுத்தால் பாயைப்போலச் சுருண்டு வந்தது. ஈய ஆர்சனேட் என்ற கொடிய விஷத்தை மண்ணில் கலந்தார்கள். அப்படியும் வண்டு ஊர் ஊராகப் பரவியது.

1933இல், நியூ ஜெர்சி மண்ணிலேயே, சில புழுக்கள் விநோதமாக வெளுத்துக் கிடந்தன. நல்ல புழுவின் காலை நறுக்கினால் தெளிந்த நீர்தான் கசியும். இவற்றிலோ பால் கசிந்தது!

வேளாண்மைத் துறை விஞ்ஞானி சாம்சன் டட்கி அந்தப் பாலை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். உள்ளே ஒரு பாக்டீரியாவின் வித்துகள் கோடிக்கணக்கில் நெருக்கியடித்திருந்தன. செத்த புழுவிலிருந்து அவை மண்ணில் சிதறி, வருடக்கணக்கில் அடுத்த புழுவுக்காகக் காத்துக் கிடக்கும். அள்ளித் தூவ அருமையான ஆயுதம்தான். ஆனால் கண்ணாடிக் குடுவையில் வளர்த்தால் அந்த பாக்டீரியா வித்துக் கட்ட மறுத்தது.

எதிரியின் உடம்பைவிட்டால் அதற்கு வேறு வயல் இல்லை. எனவே ஒழிக்க வேண்டிய புழுக்களையே தோண்டிச் சேர்த்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஊசி போட்டு நோயேற்றினார்கள். பால் கட்டியதும் அரைத்துச் சுண்ணாம்புத்தூளில் கலந்தார்கள். 1939 முதல் 1953 வரை 14 மாநிலங்களில், 1,90,000க்கும் மேற்பட்ட இடங்களில் அரசு அதைத் தூவியது. பல இடங்களில் வண்டுக் கூட்டம் மெலிந்தது. இருந்தும் ஐம்பதுகளில் இல்லினாய்ஸ் மாநிலம் பொறுமையிழந்தது.

பொடி வேலை காட்ட ஓரிரு வருடம் பிடிக்கும். விலையும் அதிகம் என்று சொல்லி அங்கே டீல்ட்ரின் விஷத்தை விமானத்தில் தெளித்தார்கள். பறவைகள் கொத்துக் கொத்தாக மடிந்தன. ரேச்சல் கார்சன் 1962இல் ‘மௌன வசந்தம்’ நூலில் அந்தக் கொடுமையை எழுதியபோது, கைக்கெட்டிய மாற்றாக இந்தப் பொடியைத்தான் சுட்டிக்காட்டினார்.

1948இலேயே அது அமெரிக்காவின் முதல் நுண்ணுயிர்ப் பூச்சிக்கொல்லியாகப் பதிவாகியிருந்தது. எல்லா மண்ணிலும் அது பலிக்கவில்லை. பிற்காலச் சோதனைகள் சில ஏமாற்றவும் செய்தன. ஆனாலும் அமெரிக்கத் தோட்டக் கடைகளின் அலமாரியில், உர மூட்டைகளுக்கு நடுவே, மாவு டப்பா போல அது இடம்பிடித்தது. புல்தரையில் சில அடிக்கு ஒரு தேக்கரண்டி வைத்துப்போகும் அந்த வெள்ளைப் பொடியின் பெயர் ‘மில்கி ஸ்போர்’. பசுவைப் பார்க்காத பால் அது, புழுவில் கறந்தது.