உறைதடுப்பி குளிர்விப்பியான வரலாறு

ஒரே திரவத்திற்கு இரு பெயர்கள். பனி பெய்யும் நாடுகளில் அது ‘ஆன்டிஃப்ரீஸ்’, அதாவது உறைதடுப்பி. தில்லி காஷ்மீரி கேட் உதிரிபாகக் கடைகளிலும் கொல்கத்தாவின் மல்லிக் பஜாரிலும் அதே திரவத்தின் பெயர் ‘கூலன்ட்’, அதாவது குளிர்விப்பி. இரண்டாம் பெயர் ஒரு பொய்யைச் சுமந்து நிற்கிறது. பழைய அம்பாசடர், பத்மினி உந்துகளை இன்னும் ஓட்டுவோருக்கு அந்தப் பொய்யின் விலை ஓர் இயந்திரமாகவே அமைந்துவிடுவதுண்டு.

வெப்பத்தைக் கடத்திச் செல்லும் ஆற்றலில் தண்ணீருக்கு இணையான மலிவுப் பொருள் வேறில்லை. ஒரு கிலோ தண்ணீரின் வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்த ஏறத்தாழ 4.2 கிலோஜூல் தேவை. எத்திலீன் கிளைக்காலுக்கு 2.4 போதும். இரண்டையும் சரிபாதி கலந்தால் தண்ணீர் சுமக்கும் வெப்பத்தில் ஐந்தில் நான்கு பங்கையே அக்கலவை சுமக்கும். ஆகவே ‘குளிர்விப்பி’ சேர்ப்பதால் இயந்திரம் கூடுதலாகக் குளிர்வதில்லை. கிளைக்கால் உண்மையில் செய்வது மூன்று வேலைகள்: உறைநிலையைத் தாழ்த்துகிறது, கொதிநிலையை உயர்த்துகிறது, அரிப்புத் தடுப்பு உப்புகளைத் தன்னுடன் ஏந்தி வருகிறது. சமவெளி இந்தியாவுக்கு இவற்றுள் முதன்மையானது மூன்றாவதே. பெயரில் அதற்கு இடமில்லை.

கிளைக்கால் என்ற பெயரை இட்டவர் பிரெஞ்சு வேதியியலாளர் அடால்ஃப் வூர்ட்ஸ். 1850களில் தாம் உருவாக்கிய சேர்மம் கிளிசரினுக்கும் ஆல்கஹாலுக்கும் இடைப்பட்டது என்று கண்டு, முன்னதன் தலையையும் பின்னதன் வாலையும் ஒட்டி அச்சொல்லை அமைத்தார். அதன் முற்பகுதிக்கு வேர் ‘இனிப்பு’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல். அத்திரவம் உண்மையிலேயே இனிக்கும். சிறுநீரகத்தைச் சிதைத்துக் கொல்லவும் செய்யும். பட்டறைத் தரையில் சிந்தியதை நக்கிய நாய்கள் மாண்டுபோவது இதனால்தான். சில நாடுகளில் இதில் கசப்புப் பொருள் சேர்த்து விற்கிறார்கள்.

அரை நூற்றாண்டுக்கும் மேலாக அச்சேர்மம் ஆய்வகப் பொருளாகவே இருந்தது. தொடக்ககால உந்து ஓட்டிகள் குளிர்காலத்தில் ரேடியேட்டரில் ஊற்றிய பொருள்களின் பட்டியல் வேடிக்கையானது: மெத்தனால், எத்தனால், கிளிசரின், கால்சியம் குளோரைடுக் கரைசல், சர்க்கரைப் பாகு, தேன். உப்புக் கரைசல் உலோகத்தைத் தின்றது. எத்தனால் 78 பாகையிலேயே கொதித்து ஆவியானதால், வெயில் சற்று ஏறினால் காப்பு போய்விடும். 1920களில் அமெரிக்காவில் கிளைக்கால் பெருமளவில் உற்பத்தியாகத் தொடங்கியது. 1927இல் ‘பிரெஸ்டோன்’ என்ற வணிகப் பெயரில் சந்தைக்கு வந்தது.

‘குளிர்விப்பி’ என்ற பெயருக்கு ஓரளவு நியாயம் கிடைத்த ஒரே களம் வானூர்தி. ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் இயந்திரத்தின் தொடக்க வகைகளில் தூய கிளைக்காலே ஓடியது. அது ஏறத்தாழ 197 பாகையில்தான் கொதிக்கும் என்பதால் இயந்திரத்தை மிகு வெப்பத்தில் இயக்கி, ரேடியேட்டரைச் சிறிதாக்க முடிந்தது. ஆனால் அழுத்தமூட்டிய குளிர்விப்பு அமைப்பு கைவந்ததும் பொறியாளர்கள் 70 பங்கு தண்ணீர், 30 பங்கு கிளைக்கால் என்ற கலவைக்கு மாறினர். வழி கிடைத்த உடனே தண்ணீருக்குத் திரும்பினார்கள் என்பதே இதில் கவனிக்கத்தக்கது.

இந்தியாவுக்கு இத்திரவம் பிரிட்டிஷ் கையேடுகளின் வழியே வந்தது. உத்தரபாராவில் 1950களின் பிற்பகுதியிலிருந்து 2014 வரை உற்பத்தியான அம்பாசடர், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வழித்தோன்றல். அதில் நெடுங்காலம் இடம்பெற்ற 1489 சி.சி. பெட்ரோல் இயந்திரத்தின் உடலும் தலையும் வார்ப்பிரும்பு; ரேடியேட்டரோ ஈயப் பற்றாசு வைத்த செம்பும் பித்தளையும். அக்காலப் பிரிட்டிஷ் தரநிலைகள் மூன்று. பி.எஸ். 3150 அமீன் பாஸ்பேட்டையும், 3151 சோடியம் பென்சோயேட், நைட்ரைட்டையும், 3152 வெண்காரத்தையும் அரிப்புத் தடுப்பாகக் கொண்டவை. பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் கையேடுகள் பின்னிரண்டையும் பரிந்துரைத்தன. அமீனும் நைட்ரைட்டும் ஒன்றாகச் சேர்ந்தால் புற்றுநோய்க் காரணியான நைட்ரோசமைன் உருவாகக்கூடும். எதையும் எதனோடும் கலக்கலாம் என்ற பட்டறை வழக்கம் அன்றே பிழையானது.

ஆனால் அந்தப் பக்கங்கள் இங்கே பொருட்படுத்தப்படவில்லை. உறைதடுப்பி என்று தலைப்பிட்ட பத்தியை, உறைபனி காணாத கொல்கத்தா வாடகையுந்து ஓட்டுநர் ஏன் படிக்க வேண்டும்? குழாய்த் தண்ணீரே ரேடியேட்டரை நிரப்பியது. லடாக் போன்ற குளிர்ப்பகுதிகளிலும் இரவில் நீரை வடித்துவிட்டு, காலையில் சுடவைத்து ஊற்றும் வழக்கமே நெடுங்காலம் நிலவியது. பெயர் மறைத்த அரிப்புத் தடுப்பு அதனால் யாருக்கும் கிட்டவில்லை. வார்ப்பிரும்பு துருத்தது, கடின நீரின் சுண்ணப் படிவு நீர்வழிகளை அடைத்தது. அலுமினியத் தலை கொண்ட ஃபியட் 1100 வழிவந்த பத்மினிக்கு நிலைமை இன்னும் மோசம்: இரும்பும் அலுமினியமும் செம்பும் ஒரே உப்பு நீரில் நனைந்தால் அது ஒரு மின்கலம், அதில் கரைவது அலுமினியம்.

பின்னர் வணிகம் பெயரை மாற்றியது. வெப்ப நாட்டில் உறைதடுப்பி விலைபோகாது, குளிர்விப்பி விலைபோகும். கூடவே நிறமும் வந்தது. பச்சை பழைய கனிம வகை, ஆரஞ்சு கரிம அமில வகை என்று பலர் கருதுகிறார்கள். நிறம் வெறும் சாயம். எந்தப் பொதுத் தரநிலையும் அதைக் கட்டுப்படுத்துவதில்லை. 1990களின் நடுவில் ஜெனரல் மோட்டார்ஸ் கரிம அமில வகையை ஆரஞ்சு நிறத்தில் பரப்பியது, அவ்வளவே. ஜப்பானியர் நீரேற்றியின் அடைப்பு வளையங்களைக் கருதிச் சிலிக்கேட்டைத் தவிர்த்தனர். ஐரோப்பியர் தம் கடின நீரில் படிவு உண்டாகும் என்று பாஸ்பேட்டைத் தவிர்த்தனர். வகைகளின் வேறுபாட்டுக்குப் பின்னால் இருப்பது இத்தகைய வட்டாரக் காரணங்கள்.

ஈயப் பற்றாசும் வார்ப்பிரும்பும் கொண்ட பழைய உந்துக்கு இன்றும் ஏற்றது சிலிக்கேட், போரேட் போன்ற கனிம உப்புகள் சேர்ந்த மரபு வகையே. நீண்ட ஆயுள் கொண்ட கரிம அமில வகைகள் பெரும்பாலும் அலுமினிய ரேடியேட்டரை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டவை. பற்றாசுக்கு அவை தரும் காப்பு ஐயத்திற்குரியது. மரபு வகையின் உப்புகள் இரண்டாண்டில் தீர்ந்துபோகும் என்பதால் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இசுசு இயந்திரம் ஏறிய பிற்கால அம்பாசடருக்கு, மூக்கில் உள்ள பெயரை விட்டுவிட்டு அந்த இயந்திரத்தின் கையேட்டையே பார்க்க வேண்டும்.

கலக்கும் விகிதத்திலும் பெயரின் மயக்கம் தொடர்கிறது. ‘குளிர்விப்பி’ அல்லவா, நிறைய ஊற்றினால் நல்லது என்று எண்ணித் தூய கிளைக்காலை நிரப்புவோர் உண்டு. தூய கிளைக்கால் −13 பாகையிலேயே உறையும். சரிபாதிக் கலவை −37 வரை தாங்கும். சமவெளிக்கு மூன்றில் ஒரு பங்கு போதும். அதற்கும் கீழே போனால் அரிப்புத் தடுப்பு நீர்த்துவிடும். மீதி காய்ச்சி வடித்த நீராக இருக்க வேண்டும், ஆழ்துளைக் கிணற்று நீராக அல்ல.

கழுவிய பின் இயந்திர உடலில் தங்கும் நீரைப் பலரும் கணக்கில் கொள்வதில்லை. எட்டு லிட்டர் கொள்ளும் அமைப்பில் இரண்டு லிட்டர் வடியாமல் நின்றால், கடையில் வாங்கிய சரிபாதிக் கலவை ஆறு லிட்டரை ஊற்றினாலும் உள்ளே இருப்பது 37.5 விழுக்காடே. மலைக்குச் செல்லும் வண்டியில் 50 விழுக்காடு வேண்டுமெனில், செறிவு நான்கு லிட்டரை முதலில் ஊற்றி, பின்னர் வடித்த நீர் இரண்டு லிட்டர் சேர்க்க வேண்டும்.

‘கூலன்ட் ஊற்றியதும் ஒழுகுகிறது, தண்ணீரே மேல்’ என்ற குறையும் பழைய வண்டிப் பட்டறைகளில் அடிக்கடி கேட்கும். துருவும் சுண்ணமும் அடைத்திருந்த ஓட்டைகளைப் புதிய திரவம் திறந்துவிடுகிறது. தண்ணீர் கசியாத நுண்துளையிலும் கிளைக்கால் கசியும். ஓட்டை முன்பே இருந்தது. ரேடியேட்டரைக் கழற்றிப் பற்றாசு வைத்த பிறகு, அதே திரவத்தையே மீண்டும் ஊற்ற வேண்டும்.