கடவு அற்ற இடம்

பள்ளி ஆண்டுவிழா ஒன்றில் சிறப்புரை ஆற்ற வந்தவர் ‘டிஸ்பேர்’ என்ற ஆங்கிலச் சொல்லை இரண்டாக வெட்டிக் காட்டினார். ‘டிஸ்’ என்றால் பிரிவு, ‘பேர்’ என்றால் இணை, இணையைப் பிரிந்தவன் படும் துயரமே டிஸ்பேர் என்றார். பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்கு அன்று முழுதும் மனம் ஆறவில்லை. சொல்லுக்குப் பொய்ப் பிறப்புச் சான்றிதழ் எழுதிப் பிள்ளைகள் கையில் கொடுப்பதை எப்படிப் பொறுப்பது?

அது லத்தீன் ‘டெஸ்பெராரே’. ‘டெ’ என்பது விலகல். ‘ஸ்பேஸ்’ என்பது நம்பிக்கை. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தது. இணைக்கும் துணைக்கும் அங்கே இடமில்லை. ஸ்பேஸ் என்பதன் வேர் செழித்தல், பெருகுதல் என்ற பொருளது. வடமொழி ‘ஸ்பீத’ இதன் உறவு. விரைவைக் குறிக்கும் ஆங்கில ‘ஸ்பீட்’ கூட இதே குடும்பம்தான். பழைய ஆங்கிலத்தில் அதற்கு வெற்றி, செழிப்பு என்றே பொருள். பயணம் புறப்படுபவரை வாழ்த்தும் ‘காட்ஸ்பீட்’ அந்தப் பொருளை இன்றும் காத்து நிற்கிறது.

டிஸ்பேர் வந்து குடியேறுமுன் ஆங்கிலத்தில் ‘வான்ஹோப்’ இருந்தது. ‘வான்’ என்பது குறை. ஆங்கிலக் கவிஞர் சாசர் தம் ‘பாதிரியார் கதை’யில் சோம்பல் என்னும் பாவத்தின் கிளையாக, இறைவனின் இரக்கத்தில் நம்பிக்கை அற்றுப்போவதை இந்தச் சொல்லால்தான் குறிக்கிறார். ஆங்கிலம் அதைத் தொலைத்துவிட்டது. டச்சுக்காரர் ‘வான்ஹோப்’ என்று இன்றும் சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் அந்த ‘வான்’ ஒட்டிக்கொண்டிருப்பது ‘வான்டன்’ என்ற சொல்லில். சரியாக வளர்க்கப்படாதவன் என்பது அதன் முதற்பொருள். இன்னும் பழைய ‘ஒர்மோட்’ மனம் கழன்றவன் என்று பொருள்படும். அதில் நம்பிக்கை என்ற பேச்சே இல்லை.

டிஸ்பேரையும் வான்ஹோப்பையும் வைத்துக்கொண்டு சிலர், கிரேக்கமும் இதே அச்சுத்தான், ‘எல்பிஸ்’ என்னும் நம்பிக்கைச் சொல்லின் முன் எதிர்மறையைச் சேர்த்தால் நம்பிக்கையின்மை வந்துவிடும் என்கிறார்கள். என் சண்டை இவர்களோடுதான்.

எல்பிஸின் வேர் விரும்புதல். முதலில் நின்ற வகர ஒலி பின்னால் தேய்ந்ததை ஹோமரின் யாப்பு காட்டிக்கொடுக்கிறது. நம் ‘நம்பு’வும் இப்படித் தொடங்கியதே, தொல்காப்பிய உரியியல் அதற்கு நசை என்று பொருள் சொல்கிறது. இரண்டும் உறவென்று சொல்ல வரவில்லை, விருப்பத்திலிருந்து நடந்த நடை ஒன்று என்கிறேன். ஆனால் கிரேக்கச் சொல் நன்மைப் பக்கம் மட்டும் நடக்கவில்லை. பிளேட்டோ ‘சட்டங்கள்’ நூலில், வருவதைப் பற்றிய எண்ணத்துக்கெல்லாம் எல்பிஸ் என்பது பொதுப்பெயர் என்றும், துன்பத்தை எதிர்நோக்கினால் அதுவே அச்சம் என்றும் பிரித்து வைக்கிறார். அச்சத்தையும் உள்ளடக்கிய சொல்லை மறுத்தால் கிடைப்பது எப்படி அவநம்பிக்கையாகும்? எதிர்பாராமைதான் கிடைக்கும்.

‘ஒடிசி’ ஐந்தாம் காண்டத்தைப் பாருங்கள். தெப்பம் உடைந்து இரண்டு பகல் இரண்டு இரவு கடலில் கிடந்த ஒடிசியஸ், மூன்றாம் நாள் அலையின் முதுகேறிக் கரையைக் காண்கிறான். நெடுநாள் நோயில் கிடந்த தகப்பன் பிழைத்ததைக் கண்ட பிள்ளைகளின் மகிழ்ச்சி அவனுக்கு. அந்தக் கரைக்கு ஹோமர் கொடுக்கும் அடை ‘அயெல்பேஸ்’, எல்பிஸின் எதிர்மறை. அது அங்கே வரம்! நெருங்கியதும் பாறைமேல் அலை மோதும் இரைச்சல். இரண்டு காலையும் ஊன்ற ஓரிடம் இல்லை. இப்போதுதான் அவன் கலங்குகிறான். கலக்கத்துக்கு அவன் வாயில் வரும் சொல் ‘எக்பாசிஸ்’, வெளியேறும் இடம். அது எங்கும் தென்படவில்லை என்கிறான்.

கிரேக்கனின் கையறுநிலை இங்கே இருக்கிறது. அதன் முறையான பெயர் ‘அபோரியா’. ‘போரோஸ்’ என்பது ஆற்றைக் கடக்கும் இடம். பாஸ்பொரஸ் என்றால் மாடு கடக்கும் துறை. ஆக்ஸ்போர்டு என்றாலும் அதுவேதான். ஆங்கில ‘போர்ட்’, ‘பெர்ரி’ இரண்டும் போரோஸின் தொலைவுச் சொந்தங்கள். தமிழில் ‘கடவு’ என்று வைத்தால் கச்சிதமாகப் பொருந்தும். கடவுச்சீட்டில் நாம் அன்றாடம் சொல்கிற கடவு! அபோரியா என்றால் கடவின்மை. சோபோக்ளீஸ் ‘ஆன்டிகனி’யில் மனிதனை எல்லாக் கடவும் உடையவன் என்று பாடி, அடுத்த சொல்லாகவே ‘அபோரோஸ்’ என்பதை வைக்கிறார். மரணம் ஒன்றுக்குத்தான் அவனிடம் தப்பும் வழி இல்லை.

வரலாற்றாசிரியர் துசிடிடீஸை எதிர்த்தரப்பு இழுத்து வரும். கி.மு. 430இல் ஏதென்ஸைத் தாக்கிய கொள்ளைநோயை விவரிக்கையில், நோயாளிகளின் மனம் ‘அனெல்பிஸ்டோன்’ பக்கம் சாய்ந்தது என்று அவர் எழுதியிருக்கிறார், உண்மை. ஆனால் அந்த நோயின் மிகக் கொடிய கூறு எது என்று பெயர் சொல்லும்போது ‘அதூமியா’ என்கிறார். உள்ளுரம் வற்றுதல், பொருளில் ஒர்மோட்டின் கிரேக்க இணை. அவர் தாமே அந்த நோயில் படுத்து எழுந்தவர். சொல்லை ஆராயாமல் எடுத்திருக்க மாட்டார்.

எனக்கு இறுதிச் சான்று பவுல். கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தில் விசுவாசத்துக்கும் அன்புக்கும் நடுவே எல்பிஸை நிறுத்தியவர் அவர். இரண்டாம் கடிதத்தின் 4ஆம் அதிகாரத்தில், கலங்கினாலும் முற்றிலும் மனமுறியவில்லை என்று சொல்ல நேர்ந்தபோது எல்பிஸைத் தொடவே இல்லை. அபோரியாவின் வினையைச் சொல்லி, அதன் முன் ‘எக்ஸ்’ சேர்த்து மேலும் முறுக்குகிறார்: கடவு காணாதவர்கள், ஆனால் கடவு முற்றும் அற்றவர்கள் அல்லர்.

‘அபெல்பிசியா’ என்று இன்றைய கிரேக்கர் சொல்வது தெரியும். எல்பிஸ் நன்மைப் பக்கமே சாய்ந்த பின்னரே அதன் மறுப்பு இத்தனை இருண்டது என்பது என் துணிபு. அதை ஹோமர் தலையில் ஏற்றுவது முறையன்று. பாறையைப் பற்றிய கைகளின் தோல் உரிய, அலை மறுபடி இழுத்துக்கொண்டு போக, ஒடிசியஸ் நீந்தி ஓர் ஆற்றின் முகத்துக்கு வருகிறான். பாறையற்று, காற்று மறைவாக இருக்கிறது அந்த இடம். அங்கும் ஹோமர் எல்பிஸ் என்று சொல்லவில்லை. இடத்தைச் சொல்கிறார்.