குடகனாறு 1977: ஒரு வெள்ளம் சொல்லிக்கொடுத்த பாடம்

பதிவு கொஞ்சம் நீளம். நேரம் கிடைக்கும்போது பொறுமையாகப் படியுங்கள். திண்டுக்கல்லில் வீடு கட்டியவர்களும், கட்டப்போகிறவர்களும் கட்டாயம் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

நம்ம ஊரை எல்லோரும் வறண்ட ஊர் என்றுதான் சொல்வார்கள். குடத்தோடு வரிசையில் நின்ற கதைகள் ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. ஆத்தூர் காமராஜர் அணை, பேரணை, பிறகு காவிரி என்று தூரத்திலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் குடிக்கும் ஊர் இது. அதனால் "இங்கே வெள்ளம் எங்கே வரப்போகிறது?" என்ற நினைப்பு நமக்கு ஊறிப்போய்விட்டது. 1977-ஐ நினைவில் வைத்திருக்கும் வேடசந்தூர்க்காரர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

1977 நவம்பர் 12 அதிகாலையில் நாகப்பட்டினம் அருகே ஒரு புயல் கரை கடந்தது. கடற்கரையோடு நிற்காமல் மேற்கே உள்நாட்டுக்குள் வந்து கொட்டியது. திருச்சி நகரம் வெள்ளத்தில் மூழ்கியது. நம் பக்கத்து மலைகளிலும் சமவெளியிலும் பெருமழை. அடுத்த வாரமே, நவம்பர் 19-ல், ஆந்திராவின் திவிசீமாவைப் புரட்டிப்போட்ட பெரும்புயல் வந்துவிட்டது. அந்தப் பெருந்துயரத்தில் நம் வெள்ளத்தை நாடு மறந்துவிட்டது.

குடகனாறு கீழ்ப்பழனி மலையில் பிறந்து, ஆத்தூர் வழியாக இறங்கி, திண்டுக்கல் சமவெளியைக் கடந்து, வேடசந்தூர் வழியாக வடக்கே போய், கரூர் மாவட்டத்தில் அமராவதியோடு சேர்கிறது. அமராவதி காவிரியில் கலக்கிறது. சிறுமலைப் பக்கத்திலிருந்து சந்தனவர்த்தினியும் வந்து குடகனாற்றில் சேரும். பல மாதம் மணலாகக் கிடக்கும் ஆறு. ஆனால் இரண்டு மலைத்தொடர்களின் தண்ணீருக்கும் வடிகால் அதுதான்.

அந்த ஆற்றின் குறுக்கே வேடசந்தூர் அருகே அழகாபுரியில் கட்டிய மண் அணை 1977-ல்தான் முடிந்திருந்தது. வெள்ளத்தை வெளியேற்ற ஐந்து ஷட்டர்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 10 அடி அகலம். வெள்ளம் வந்ததும் பணியாளர்கள் ஷட்டரைத் தூக்க ஆரம்பித்தார்கள். பாதி தூக்கும்போது மின்சாரம் நின்றது. ஜெனரேட்டரை ஓட்டிப் பார்த்தார்கள், பயனில்லை. கையால் சுற்றித் தூக்கினார்கள். அதற்குள் தண்ணீர் கரைக்கு மேலே ஏறிப் பின்சரிவில் அருவிபோல் கொட்டியது. கரை அரித்துப் பல இடங்களில் உடைந்தது. 20 மீட்டர் முதல் 200 மீட்டர் வரை அகலமான உடைப்புகள். கட்டி முடித்த ஆண்டிலேயே உடைந்த அணை என்று இந்திய அணை விபத்துகளின் பட்டியலில் அதற்கு இன்றும் ஓர் இடம் உண்டு. அணை பிறகு மீண்டும் கட்டப்பட்டது.

ஷட்டரோடு போராடிய பணியாளர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. மேலே எத்தனை சதுர மைல் மழை ஒரே சமயத்தில் இறங்கி வரும், அதற்கு எவ்வளவு வழி விட வேண்டும் என்ற கணக்குதான் அங்கே தோற்றது. அணை வேடசந்தூரில் இருந்தாலும் அதன் கணக்கு கீழ்ப்பழனி மலையிலும் சிறுமலையிலும் ஆரம்பிக்கிறது. அந்த நிலப்பரப்பு முழுவதையும் நீர்ப்பிடிப்புப் பகுதி என்கிறோம். ஓர் இடத்தில் விழும் மழை கடைசியில் எந்த ஓடைக்குப் போகிறதோ, அந்த ஓடையின் குடும்பம் அது.

இந்தக் கணக்கு நம் முன்னோருக்குப் புதிதல்ல. திண்டுக்கல் சமவெளியில் குளங்கள் தனித்தனியாக வெட்டப்படவில்லை. மேல்குளம் நிறைந்தால் அதன் மறுகால் கீழ்க்குளத்துக்கு வரத்து. கீழ்க்குளம் நிறைந்தால் அதற்கும் கீழே இன்னொன்று. கடைசிக் குளத்தின் மறுகால் ஆற்றில் விழும். மழை கூடினால் குளங்கள் ஒவ்வொன்றாகத் தாங்கிப் பிடித்து வேகத்தைக் குறைக்கும். மழை குறைந்தால் சேர்த்து வைக்கும். கோடைக்கும் வெள்ளத்துக்கும் ஒரே ஏற்பாடு! மடையைத் திறக்கவும் அடைக்கவும் நீர்பாய்ச்சி இருந்தார். வண்டல் அள்ளவும் கரை பார்க்கவும் குடிமராமத்து இருந்தது.

1792-ல் திண்டுக்கல் சீமை திப்பு சுல்தானிடமிருந்து கும்பினியார் கைக்கு வந்தது. குடிமராமத்து மெல்லத் தளர்ந்தது. 1858-ல் சென்னை மாகாணத்தில் கட்டாய வேலைச் சட்டம் போட்டுக் கரை காக்க ஆள் திரட்டும் அளவுக்கு நிலைமை போனது. 1866-ல் திண்டுக்கல் நகராட்சி வந்தது. தெரு, விளக்கு, சுகாதாரம் எல்லாம் அதன் பொறுப்பு. நல்ல காரியம்தான். ஆனால் அதோடு ஒரு பிரிவினையும் வந்தது. ஊருக்குள் விழும் மழை நகராட்சியின் சாக்கடைக் கணக்கு, ஊருக்கு வெளியே விழும் மழை பாசனக் கணக்கு என்று ஆகிவிட்டது.

இன்று அந்தப் பிரிவினை எவ்வளவு தூரம் போயிருக்கிறது பாருங்கள். 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள குளம் நீர்வளத்துறைக்கு. அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்துக்கு. நகருக்குள் இருப்பது மாநகராட்சிக்கு. வாய்க்கால் புறம்போக்கு வருவாய்த்துறைக் கணக்கில். ஓடை மேல் பாலம் நெடுஞ்சாலைத்துறைக்கு. மலை வனத்துறைக்கு. ஒரே மழைத்துளி சிறுமலையிலிருந்து குடகனாறு போய்ச் சேர்வதற்குள் ஆறு அலுவலகங்களைத் தாண்ட வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஆசிரியர் புத்தி, விடாது. ஒரு ஏக்கரில் 10 செ.மீ. மழை பெய்தால் சுமார் 4 லட்சம் லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரியில் 33 லாரி. காடாகவோ தோட்டமாகவோ இருந்தால் மண் ஒரு பங்கு குடிக்கும். சிமெண்டும் தாரும் குடிக்காது. நம் மாநகராட்சியின் பரப்பு சுமார் 14 சதுர கிலோமீட்டர், 48 வார்டு. ஒரே நாளில் 10 செ.மீ. கொட்டினால் நகரின் மேல் மட்டும் விழுவது ஏறக்குறைய 140 கோடி லிட்டர். சுற்றியுள்ள ஊராட்சிகளிலிருந்து சரிவு வழியே வருவது தனி. பள்ளப்பட்டி, பாலகிருஷ்ணாபுரம், சீலப்பாடி, அடியனூத்து, செட்டிநாயக்கன்பட்டி எல்லாம் இப்போது நகரோடு ஒட்டிவிட்டன. அங்கே ஒரு மனைப்பிரிவு ஓடையை அடைத்தால் இங்கே ஒரு தெரு மூழ்கும். இங்கே மழைநீர்க் கால்வாயில் கழிவுநீரை விட்டால் அங்கே ஒரு குளம் நாறும். 48 வார்டுக்கும் 48 கால்வாய் கட்டினாலும், அது போய்ச் சேரும் இடம் அடைபட்டிருந்தால் பயன் என்ன?

சென்னையில் நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில்தான் வள்ளுவர் கோட்டம் நிற்கிறது. நம் ஊரில் கோட்டைக்குளமும் கோபாலசமுத்திரமும் இன்னும் குளமாகவே இருக்கின்றன. அந்த மட்டில் நாம் பாக்கியசாலிகள். ஆனால் குளம் இருந்து வரத்து வாய்க்கால் இல்லையென்றால் அது வெறும் தொட்டிதான்.

வேறு வழி உண்டா? உண்டு. இன்று தமிழர்கள் நிறைந்து வாழும் டொராண்டோ நகரைப் பாருங்கள். கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 1946-லேயே ஒரு சட்டம் போட்டது. ஒரு நதியின் நீர்ப்பிடிப்பில் இருக்கும் ஊராட்சிகளும் நகராட்சிகளும் சேர்ந்து ஒரே பாதுகாப்பு அமைப்பு வைத்துக்கொள்ளலாம். அமைப்பின் எல்லையை வரைவது மலைச்சரிவு. 1954 அக்டோபரில் ஹேசல் புயலில் அந்த மாகாணத்தில் 81 பேர் இறந்தார்கள். ஹம்பர் ஆற்றங்கரையில் ஒரு தெருவே வீடுகளோடு அடித்துச் செல்லப்பட்டது. அதன்பிறகு வெள்ளம் பாயும் நிலங்களை வாங்கி, வீடு கட்ட விடாமல் பூங்காக்களாக மாற்றினார்கள். வீடுகள் போன அந்தத் தெருவிலும் இன்று பூங்காதான்.

அப்படி ஒரு சட்டம் நமக்கு இல்லையே என்று நினைக்க வேண்டாம். 1993-ல் நடைமுறைக்கு வந்த 73, 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தங்களை எடுத்துப் பாருங்கள். ஊராட்சிகளுக்கான பதினொன்றாவது அட்டவணையில் சிறுபாசனம், நீர் மேலாண்மை, நீர்வடிப்பகுதி மேம்பாடு மூன்றாவது இனமாகவே இருக்கிறது. நகராட்சிகளுக்கான பன்னிரண்டாவது அட்டவணையின் 18 இனங்களில் நீர்வடிப்பகுதி என்ற சொல்லே கிடையாது. இந்த ஓட்டையை அடைக்கத்தான் 243 இசட்-டி என்ற பிரிவு. ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்டத் திட்டக்குழு அமைக்க வேண்டும். ஊராட்சித் திட்டத்தையும் நகராட்சித் திட்டத்தையும் அது ஒன்றாக்க வேண்டும். அப்போது தண்ணீரைப் பங்கிடுவதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. தமிழ்நாட்டில் அதற்கு மாவட்ட ஊராட்சித் தலைவர் தலைவர், கலெக்டர் துணைத் தலைவர். உறுப்பினர்களில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாதவர்கள் நாம் ஓட்டுப்போட்டு அனுப்பியவர்களிலிருந்தே வர வேண்டும். நீர்நிலை ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ஆம் ஆண்டுச் சட்டமும் கையில் இருக்கிறது.

ஆகவே நாம் கேட்க வேண்டியது இதுதான். சிறுமலை உச்சியிலிருந்து குடகனாறு வரை ஓடை, வாய்க்கால், குளம், மறுகால் எல்லாம் காட்டும் ஒரே வரைபடம். மாநகராட்சியும் சுற்றியுள்ள ஊராட்சிகளும் அதன்மேல் சேர்ந்து போடும் ஒரே திட்டம். புது மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் முன், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகும் என்ற கேள்விக்குப் பதில். ஐப்பசி பிறக்குமுன் வாய்க்கால் தூர் வாருவதற்குப் பொறுப்பான ஒரு கை.

இதே குடகனாற்றில் ராஜவாய்க்கால் பகுதி விவசாயிகளுக்கும் கீழ்ப்பகுதி விவசாயிகளுக்கும் தண்ணீர்ப் பிரச்சினை முற்றி, அரசு வல்லுநர் குழு அமைக்கும் நிலை வந்தது நினைவிருக்கும். பஞ்சத்தில் சண்டை, வெள்ளத்தில் சேதம். இரண்டுக்கும் மருந்து ஒரே வரைபடத்தில்தான் இருக்கிறது.

உங்கள் தெரு மழைநீர் எந்தக் குளத்துக்குப் போகிறது? அந்தக் குளத்தின் மறுகால் எங்கே விழுகிறது? தெரிந்தவர்கள் கமெண்டில் எழுதுங்கள். தெரியாதவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வாய்க்கால் வழியே நடந்து பாருங்கள். எங்கே அடைபட்டிருக்கிறது என்று குறித்து, உங்கள் வார்டு கவுன்சிலரிடமும் ஊராட்சித் தலைவரிடமும் ஒரு மனு கொடுங்கள். ஒரே மனுவை இரண்டு பேரிடமும் கொடுங்கள். அதிலிருந்தே ஆரம்பிக்கட்டும்.